பணிக்கு வராமை

பணிக்கு வராமை என்பது, வேலைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு நாளில் அல்லது ஷிப்டில் பணியாளர் ஒருவர் வராதிருத்தலைக் குறிக்கும். தொழிற்சாலை, அலுவலகம், மருத்துவமனை, தேயிலைத் தோட்டம், பள்ளிக்கூடம் என ஊதியத்துக்கு வேலை நடைபெறும் இடங்கள் அனைத்திலும் இது உண்டு. நோய், விபத்து, குழந்தை அல்லது முதியோர் பராமரிப்பு, போக்குவரத்துத் தடை, மனச்சோர்வு, வேலையில் வெறுப்பு எனப் பல காரணங்கள் இதற்குப் பின்னால் இருக்கக்கூடும். உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2022 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகிய இரண்டினால் மட்டும் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுகின்றன.

வராமையைக் குறைப்பதற்கு நிறுவனங்கள் நெடுங்காலமாகத் தண்டனையையும் ஊக்கத்தொகையையும் நம்பி வந்துள்ளன. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணியாளரின் நலத்தைப் பேணுவதன் மூலம் வராமையைக் குறைக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் "நலம் பேணுதல்" என்பதற்கு ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட இரண்டு பொருள்கள் உள்ளன. பணியாளரின் உடற்பழக்கங்களைத் திருத்த முயல்வது ஒன்று. அவர் செய்யும் வேலையின் அமைப்பையே மாற்றுவது மற்றொன்று. இவ்விரண்டின் விளைவுகளும் ஒன்றல்ல என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

சொல்

இதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான "ஆப்சென்டீயிசம்" முதலில் தொழிலாளரைக் குறித்து எழுந்ததன்று. அயர்லாந்தில் நிலங்களை வைத்துக்கொண்டு, தாம் இங்கிலாந்தில் வசித்தபடி குத்தகைப் பணத்தை மட்டும் பெற்றுவந்த நிலக்கிழார்களே "ஆப்சென்டீ" எனப் பழிக்கப்பட்டனர். மரியா எட்ஜ்வர்த் 1812 இல் எழுதிய புதினம் ஒன்று இதையே தலைப்பாகக் கொண்டது. உடைமையாளர் மீதான குற்றச்சாட்டாக இருந்த சொல், ஆலைத்தொழில் பரவியபின் உழைப்பாளர் மீதான குற்றச்சாட்டாக மாறியது ஒரு வேடிக்கையான திருப்பமே. தமிழில் பேச்சு வழக்கில் உள்ள "மட்டம் போடுதல்" என்ற தொடரிலும் வராதவர் ஏமாற்றுகிறார் என்ற எண்ணம் தொக்கி நிற்கிறது. நோயால் வராதவரையும் வேண்டுமென்றே வராதவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது, காரணத்தை ஆராயும் முன்பே தீர்ப்பு வழங்கிவிடும் இடரை உடையது.

அளவிடுதல்

இழக்கப்பட்ட வேலைநாட்களை, திட்டமிடப்பட்ட மொத்த வேலைநாட்களால் வகுத்து, நூறால் பெருக்கினால் வராமை வீதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 200 பேர் உள்ள ஓர் ஆலையில் மாதம் 25 வேலைநாட்கள் எனில் மொத்தம் 5,000 ஆள்நாட்கள். அவற்றில் 400 ஆள்நாட்கள் இழக்கப்பட்டால் வீதம் 8 விழுக்காடு ஆகும். இந்தியாவின் தொழிலாளர் செயலகம் கையாண்டுவந்த வரைவிலக்கணத்தில், ஷிப்டின் ஏதேனும் ஒரு பகுதிக்கு வந்தவரும் வந்தவராகவே கொள்ளப்படுவார். வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவற்றால் இழந்த நாட்களும், முன்கூட்டியே திட்டமிட்ட விடுமுறையும் இக்கணக்கில் சேரா.

இவ்வீதம் எத்தனை நாள் இழப்பு என்பதைச் சொல்லும். எத்தனை முறை என்பதைச் சொல்லாது. இதனை ஈடுசெய்ய ஐக்கிய இராச்சியத்தில் பரவலாகப் பயன்படும் ஓர் எண் "பிராட்ஃபோர்ட் காரணி" எனப்படுகிறது. ஓராண்டில் வராதிருந்த முறைகளின் எண்ணிக்கையை இருமடிப்படுத்தி, அதனை மொத்த நாட்களால் பெருக்க வேண்டும். தொடர்ந்து பத்து நாள் ஒரே முறையாக வராதவருக்கு 1 × 1 × 10, அதாவது 10 புள்ளி. பத்துத் தனித்தனி நாட்கள் வராதவருக்கு 10 × 10 × 10, அதாவது 1,000 புள்ளி. அடிக்கடி நேரும் ஒருநாள் வராமையே வேலையை மிகவும் குலைக்கிறது என்ற கருதுகோளின் மீது இது கட்டப்பட்டது. ஒற்றைத் தலைவலி, ஈளை நோய் (ஆஸ்துமா), கடும் மாதவிடாய் வலி போன்று விட்டுவிட்டு வரும் நோய்களை உடையவர்கள் இக்கணக்கில் மிகையாகத் தண்டிக்கப்படுகின்றனர் என்பது இதன் மீதான முதன்மையான குறையாகும்.

பழைய விளக்கங்கள்

முதல் உலகப் போரின்போது பிரித்தானிய வெடிமருந்து ஆலைகளில் நீண்ட வேலைநேரமும் ஞாயிறு வேலையும் வழக்கமாயின. 1915 இல் அமைக்கப்பட்ட வெடிமருந்துத் தொழிலாளர் நலக் குழுவுக்காக எச். எம். வெர்னன் என்ற உடலியங்கியலாளர் ஆலைகளின் உற்பத்திக் கணக்குகளை ஆராய்ந்தார். வார வேலைமணிகளைக் குறைத்தபின் மொத்த உற்பத்தி குறையவில்லை. சில பிரிவுகளில் கூடவே செய்தது. களைத்த உடல் வேலைக்கு வந்தாலும் குறைவாகவே செய்கிறது, அடிக்கடி வராமலும் போகிறது என்பதை ஒழுக்கச் சொற்களில் அல்லாமல் எண்களில் எடுத்துக்காட்டிய தொடக்ககால ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

இந்தியாவில் நிலவிய விளக்கம் வேறு. ஆலைத் தொழிலாளி இன்னும் உழவனே, அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போய்விடுகிறான் என்று ஆலை முதலாளிகள் குறைப்பட்டனர். 1931 இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் இத்தொடர்பை விரிவாக ஆராய்ந்தது. கிராமத்துடனான பிணைப்பு தொழிலாளிக்கு ஒரு பாதுகாப்பு என்றும், அதனை அறுப்பதைவிட முறைப்படுத்துவதே நல்லது என்றும் அது கருதியது. நோயுற்றால் ஊதியமோ, முதுமையில் ஓய்வூதியமோ இல்லாத காலத்தில் ஊரும் உறவும்தான் காப்பீடு என்பதை நோக்கினால் இக்கருத்தின் பொருத்தம் விளங்கும். வராதவர்களின் இடத்தை நிரப்ப ஆலைகள் "பதிலி"த் தொழிலாளர் பட்டியல் ஒன்றை வைத்திருந்தன. இதனால் வராமை ஆலைக்கு ஏற்படுத்திய செலவு குறைந்தது. அதன் காரணத்தைத் தேடும் தேவையும் உடன் குறைந்தது எனலாம்.

வைட்ஹால் ஆய்வுகள்

பணிக்கு வராமைக்கும் வேலையின் தன்மைக்கும் உள்ள தொடர்பை மிகத் தெளிவாக வெளிக்கொணர்ந்தவை இலண்டனின் அரசுப் பணியாளர்களிடம் நடத்தப்பட்ட வைட்ஹால் ஆய்வுகளாகும். பிரித்தானிய அரசின் முதன்மை அலுவலகங்கள் அமைந்துள்ள தெருவின் பெயரே இவ்வாய்வுகளுக்கு இடப்பட்டது. 1967 இல் தொடங்கிய முதல் ஆய்வு, 40 முதல் 64 வயது வரையான ஆண் பணியாளர்களை மட்டும் கொண்டது. கடைநிலை ஊழியரின் இறப்பு வீதம் உயர்நிலை அலுவலரினதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது அதில் தெரியவந்தது. உயர் பதவியில் இருப்போரே மன அழுத்தத்தால் மாரடைப்புக்கு ஆளாகின்றனர் என்ற அன்றைய பொது நம்பிக்கைக்கு இது நேர் எதிரானதாகும்.

இரண்டாவது ஆய்வு மைக்கேல் மார்மட் தலைமையில் 1985 இல் தொடங்கியது. 20 துறைகளைச் சேர்ந்த, 35 முதல் 55 வயது வரையான 10,308 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். இவர்களுள் 6,895 பேர் ஆண்கள், 3,413 பேர் பெண்கள். நோய்விடுப்பைப் பொறுத்தவரை இவ்வாய்வு ஓர் அரிய வாய்ப்பாக அமைந்தது. பங்கேற்ற அனைவரும் ஒரே நகரில், ஒரே முதலாளியாகிய அரசிடம், மேசைகளில் அமர்ந்து வேலை செய்தவர்கள். சுரங்கத் தூசியோ உருக்கு உலையோ அங்கு இல்லை. பணிப் பாதுகாப்பு இருந்தது. மருத்துவம் அனைவருக்கும் கட்டணமின்றிக் கிடைத்தது. ஏழு நாட்கள் வரையான நோய்விடுப்புக்குப் பணியாளரின் சொந்த அறிவிப்பே போதும். அதற்கு மேற்பட்டால் மருத்துவச் சான்று வேண்டும். இவ்வளவு ஒத்த சூழலில் நோய்விடுப்பும் ஏறக்குறைய ஒத்தே இருக்கும் என ஒருவர் எதிர்பார்க்கலாம்.

1993 இல் வெளியான முடிவுகள் அவ்வாறு இருக்கவில்லை. கடைநிலை ஆண் ஊழியரின் நோய்விடுப்பு வீதம், குறுகிய விடுப்பானாலும் நெடிய விடுப்பானாலும், உயர்நிலை ஆண் அலுவலரினதைப் போல் ஆறு மடங்காக இருந்தது. பெண்களிடையே குறுகிய விடுப்பில் மூன்று மடங்கும் நெடிய விடுப்பில் நான்கு மடங்கும் வேறுபாடு காணப்பட்டது. மேலும், இது உச்சிக்கும் அடிக்கும் இடையே மட்டும் உள்ள வேறுபாடன்று. பதவிப் படிக்கட்டில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் விடுப்பு கூடியது. புகைப்பிடித்தல் போன்ற பழக்கங்கள் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின.

எஞ்சியதை விளக்க ஆய்வாளர்கள் அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979 இல் முன்வைத்த மாதிரியைப் பயன்படுத்தினர். வேலையின் சுமை மட்டும் ஒருவரை நோயாளியாக்குவதில்லை. அச்சுமையை எப்போது, எவ்வாறு தூக்குவது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாததே அவரைச் சாய்க்கிறது என்பது இம்மாதிரியின் சாரம். இவ்வுரிமை "வேலைக் கட்டுப்பாடு" எனப்படுகிறது. தமிழில் இத்தொடர் ஊழியரைக் கட்டுப்படுத்துவது போல் ஒலிப்பினும், இங்கு அது ஊழியரின் கையில் உள்ள கட்டுப்பாட்டையே குறிக்கும். தன் வேலையின் வேகம், ஒழுங்கு, இடைவேளை ஆகியவற்றில் சொந்த முடிவெடுக்க இயலாதவர்களும், மேலாளர், உடன்பணியாளர் ஆகியோரின் துணை குறைவாகக் கிடைத்தவர்களும் அதிக முறை நோய்விடுப்பு எடுத்ததை 1996 இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது.

உயர் அலுவலர்கள் நோயுற்றாலும் வீட்டிலிருந்து வேலை பார்த்திருக்கலாம், அவர்களின் விடுப்பு பதிவேட்டில் ஏறாமல் போயிருக்கலாம் என்பது இம்முடிவுகளுக்கு எழுப்பக்கூடிய இயல்பான மறுப்பு. குறுகிய விடுப்பைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆனால் மருத்துவச் சான்று தேவைப்படும் நெடிய விடுப்பிலும் அதே படிக்கட்டு தெரிகிறது. தவிரவும், 2003 இல் மிக்கா கிவிமாக்கியும் அவருடைய குழுவினரும் இதே பணியாளர்களின் விடுப்புப் பதிவேடுகளை இறப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்டனர். பத்தாண்டுக்கு ஐந்துக்கு மேற்பட்ட முறை மருத்துவச் சான்றுடன் விடுப்பு எடுத்தவர்களின் இறப்பு வீதம், அவ்வாறு விடுப்பே எடுக்காதவர்களினதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஊதியப் பிரிவு எழுத்தர் ஒருவர் குறித்துவைக்கும் விடுப்புப் பதிவேடு, எவரும் படித்துப் பார்க்காத ஒரு மருத்துவ ஆவணமும் ஆகும் என்பதே இதன் பொருள்.

நோயோடு பணிக்கு வருதல்

இதே பணியாளர்களைக் கொண்டு 2005 இல் வெளியான மற்றொரு முடிவு, வராமை வீதத்தைக் குறைப்பதையே இலக்காகக் கொள்வோரைத் தயங்க வைக்கக்கூடியது. உடல்நலம் குன்றியிருந்தும் மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட நோய்விடுப்பு எடுக்காத ஆண்களிடம், அதே அளவு நலம் குன்றி மிதமான அளவில் விடுப்பு எடுத்தவர்களைவிட, கடுமையான இதயநோய் நிகழ்வுகள் இரு மடங்காகக் காணப்பட்டன.

நோயுற்ற நிலையில் வேலைக்கு வருவதை ஆங்கிலத்தில் "பிரசென்டீயிசம்" என்பர். சுவீடனில் 2000 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வீட்டில் ஓய்வெடுத்திருக்க வேண்டிய நிலையிலும் முந்தைய ஆண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வேலைக்குச் சென்றதாக மூன்றில் ஒரு பங்கினர் கூறினர். செவிலியர், முதியோர் பராமரிப்பாளர், ஆசிரியர் ஆகியோரிடம் இது மிகுதி. இவர்கள் வராவிட்டால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை என்பதும், வராத நாளின் வேலை மறுநாள் அவர்களுக்காகவே காத்திருக்கும் என்பதும் காரணங்கள். நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் அருகில் வேலை செய்யும் இவர்களே தொற்றோடு வேலைக்கு வரவேண்டியவர்களாக இருப்பது கவனிக்கத்தக்கது.

வேலையை மாற்றிய முயற்சிகள்

வேலையின் அமைப்பை மாற்றினால் வராமை குறையுமா என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் குறைவே. இருப்பினும் உள்ளவை ஒரே திசையைக் காட்டுகின்றன.

ஐக்கிய இராச்சியத்தின் நடுவண் அரசுத் துறை ஒன்றில் ஃபிராங்க் பாண்ட், டேவிட் பன்ஸ் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வு 2001 இல் வெளியானது. அங்கு ஊழியர்களே ஒரு குழுவாகக் கூடித் தங்கள் வேலையில் எது எரிச்சலூட்டுகிறது, எதனைத் தாங்களே முடிவுசெய்ய விரும்புகின்றனர் என்பதை எடுத்துரைத்து, வேலைமுறையைத் திருத்தினர். ஓராண்டுக்குப் பின் அவர்களின் மனநலம் மேம்பட்டது, நோய்விடுப்பு குறைந்தது. கூடுதலாகக் கிடைத்த வேலைக் கட்டுப்பாடே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பதையும் பகுப்பாய்வு காட்டியது. இதற்கெனப் புதுக் கட்டடமோ உடற்பயிற்சிக் கூடமோ தேவைப்படவில்லை.

நெகிழ்வான வேலைநேரம் பற்றிய ஓர் எடுத்துக்காட்டு ஐக்கிய அமெரிக்காவின் பொதுப்பயன்பாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து கிடைக்கிறது. அதன் ஒரு பிரிவில் மட்டும், தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் ஊழியரே தேர்ந்துகொள்ளலாம் என விடப்பட்டது. அப்பிரிவில் வராமை பெருமளவு குறைந்தது; பழைய முறையிலேயே இருந்த மற்றப் பிரிவில் குறையவில்லை. பின்னர் நெகிழ்வு நேரம் கைவிடப்பட்டபோது வராமை பழைய அளவுக்கே திரும்பியது. 1990 இல் இதனை வெளியிட்ட டால்டன், மெஷ் ஆகியோரின் கட்டுரை, ஏறியதும் இறங்கியதும் ஆகிய இரண்டையும் பதிவுசெய்ததால் மதிப்புமிக்கது. வங்கிக்குச் செல்லவும் குழந்தையை மருத்துவரிடம் காட்டவும் இரண்டு மணிநேரம் கிடைக்காதவர் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்கிறார் என்பதே இதற்கு எளிய விளக்கமாகும். பின்லாந்தின் நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்விலும், தம் வேலைநேரத்தின் மீது கட்டுப்பாடு குறைந்த பெண்களிடம் நோய்விடுப்பு கூடுதலாக இருந்தது.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பின்லாந்து கடும் பொருளாதாரச் சரிவுக்குள்ளானபோது ராய்சியோ என்ற சிறு நகரின் நகராட்சி ஆட்குறைப்பில் இறங்கியது. வேலை இழந்தவர்களை அல்லாமல், வேலையில் தொடர்ந்த 981 பேரை யுசி வாத்தெராவும் உடனாய்வாளர்களும் பின்தொடர்ந்தனர். பெரும் ஆட்குறைப்பு நடந்த பிரிவுகளில் மூன்று நாளுக்கு மேற்பட்ட நோய்விடுப்பு, சிறிதளவே குறைப்பு நடந்த பிரிவுகளைப் போல் 2.3 மடங்காக உயர்ந்தது. ஊதியச் செலவைக் குறைக்க எடுத்த முடிவு நோய்விடுப்புச் செலவாகத் திரும்பி வந்தது. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் மக்கள் விடுப்பே எடுக்கமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பும் அங்கு பொய்த்தது.

கட்டடத்தின் காற்றும் வேலையின் ஒரு பகுதியே. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் 40 கட்டடங்களில் பணியாற்றிய 3,720 பேரின் விடுப்பை ஆராய்ந்த 2000 ஆம் ஆண்டு ஆய்வு, வெளிக்காற்று குறைவாகச் செலுத்தப்பட்ட இடங்களில் குறுகிய கால நோய்விடுப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எனக் கண்டது. மின்செலவை மிச்சப்படுத்த காற்றோட்டத்தைக் குறைப்பது, அச்செலவை வேறு கணக்குத் தலைப்புக்கு மாற்றுவதேயாகும்.

நீண்ட விடுப்பிலிருந்து திரும்பி வருதல் பற்றிய ஆய்வுகளில், கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த செர்புரூக் நகர ஆய்வு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. முதுகுவலியால் வேலைக்கு வராதிருந்த 130 தொழிலாளரைப் பட்ரிக் லுவாசெல் குழுவினர் நான்கு பிரிவுகளாகப் பிரித்தனர். மருத்துவச் சிகிச்சையோடு, தொழிலாளி, மேற்பார்வையாளர், தொழிற்சங்கப் பேராளர் ஆகியோர் சேர்ந்து வேலையிடத்தை நேரில் பார்த்து மாற்றம் செய்யும் முறை பின்பற்றப்பட்ட பிரிவினர், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 2.4 மடங்கு விரைவாக வேலைக்குத் திரும்பினர். இதில் மருந்தைவிட வேலையிட மாற்றத்தின் பங்கே பெரிதாக இருந்தது.

தனியாள் நலத் திட்டங்கள்

1970களின் பிற்பகுதி முதல் ஐக்கிய அமெரிக்காவில் நிறுவனங்கள் தம் ஊழியருக்கு உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, புகைப்பிடித்தலை நிறுத்துதல், மன அழுத்த மேலாண்மை போன்றவற்றை வழங்கத் தொடங்கின. அங்கு மருத்துவக் காப்பீட்டுச் செலவின் பெரும்பகுதியை முதலாளிகளே ஏற்பதால் இதில் அவர்களுக்கு நேரடி நாட்டம் இருந்தது. 2010 இல் கேத்தரின் பைக்கர், டேவிட் கட்லர், சிருய் சாங் ஆகியோர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, இத்திட்டங்களில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் வராமைச் செலவில் 2.73 டாலர் மிச்சமாவதாக மதிப்பிட்டனர். இவ்வெண் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது.

ஆனால் அத்தொகுப்பில் இருந்த பல ஆய்வுகளில் ஒரு வலுக்குறை இருந்தது. இத்தகைய திட்டங்களில் தாமாக முன்வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் முன்னரே நலமாக இருப்பவர்கள். சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டால், திட்டம் எதுவும் செய்யாவிடினும் சேர்ந்தவர்களின் விடுப்பு குறைவாகத்தான் தெரியும். 2016 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 4,834 ஊழியரைக் குலுக்கல் முறையில் பிரித்துத் தொடங்கிய ஆய்வு இதனை ஐயமின்றி நிறுவியது. வெறுமனே ஒப்பிட்டபோது பெரும் பயன் தெரிந்தது. குலுக்கல் பிரிவுகளை ஒப்பிட்டபோது அப்பயன் மறைந்தது.

2019 இல் சாங், பைக்கர் ஆகிய அதே ஆய்வாளர்கள், ஒரு பெரும் அங்காடி நிறுவனத்தின் 160 கிளைகளில் 32,974 ஊழியரைக் கொண்டு நடத்திய ஆய்வு வெளியானது. பதினெட்டு மாதங்களுக்குப் பின், தவறாமல் உடற்பயிற்சி செய்வதாகக் கூறியோர் திட்டம் நடந்த கிளைகளில் கூடியிருந்தனர். ஆனால் குருதி அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, பணிக்கு வராமை ஆகிய எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தம் பழைய மதிப்பீட்டுக்கு மாறான முடிவைத் தாமே வெளியிட்ட நேர்மை பாராட்டத்தக்கது. ஐக்கிய இராச்சியத்தில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் தரவுகளைக் கொண்டு 2024 இல் வெளியான வில்லியம் ஃபிளெமிங்கின் பகுப்பாய்வும், மனவுறுதிப் பயிற்சி, தியானச் செயலி முதலியவற்றில் பங்கேற்றோர் மற்றவரைவிட நலமாக இருந்ததற்குச் சான்று காணவில்லை.

தடுப்பூசி இவற்றிலிருந்து வேறுபட்டது. மினியாபொலிஸ் பகுதியில் நலமான பணிவயதினரிடம் நடந்து 1995 இல் வெளியான சோதனையில், இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பெற்றவர்கள் மேல்மூச்சுப்பாதை நோயால் இழந்த நாட்கள் 43 விழுக்காடு குறைந்தன. பரவும் நச்சுயிரியோடு தடுப்பூசி பொருந்தாத ஆண்டில் இப்பயன் கிடைப்பதில்லை.

வருகை ஊக்கத்தொகை

விடுப்பெடுக்காமல் வந்தவருக்குக் கூடுதல் பணம் தருவது பழமையான முறை. இது எதிர்பாராத விளைவுகளையும் தரும் என்பதற்கு ஜெர்மனியின் சில்லறை அங்காடித் தொடர் ஒன்றில் தொழில் பழகுநரிடம் நடத்தப்பட்ட சோதனை சான்றாகும். அங்கு பணமாகத் தந்த வருகை ஊக்கத்தொகை வராமையை ஏறக்குறைய பாதியளவு உயர்த்தியது. அதுவரை வருவது கடமை என எண்ணியிருந்தவர்கள், ஊக்கத்தொகை அறிமுகமானதும், வராதிருத்தல் விலை கொடுத்துப் பெறக்கூடிய ஒன்று எனக் கருதத் தொடங்கினர் என ஆய்வாளர்கள் விளக்கினர்.

வருகை ஊக்கத்தொகை தமிழர் வாழ்வில் ஆழமாக இடம்பெற்றது இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆகும். 2013 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாட்கூலி 620 ரூபாய். இதில் அடிப்படைக் கூலி 450 ரூபாய். 140 ரூபாய் வருகைக் கொடுப்பனவு. எஞ்சிய 30 ரூபாய் விலைப்பங்குக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 விழுக்காடு வந்தால்தான் வருகைக் கொடுப்பனவு கிடைக்கும். அதாவது மாதத்தில் சில நாட்கள் நோயுற்றுப் படுத்த ஒருவர் அந்நாட்களின் கூலியை மட்டுமன்றி, வந்து உழைத்த நாட்களின் கூலியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார். 2016 ஒப்பந்தத்தில் இக்கொடுப்பனவு 60 ரூபாயாகக் குறைந்தது. 2019 இல் நீக்கப்பட்டு அடிப்படைக் கூலி 700 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மழை, அட்டை, செங்குத்துச் சரிவு ஆகியவற்றினிடையே கொழுந்து பறிக்கும் பெண்களின் வராமைக்கு ஊக்கக் குறைவே காரணம் எனக் கொண்டதில்தான் இம்முறையின் அடிப்படைக் குறை உள்ளது.

நோய்விடுப்புக் காலத்தின் ஊதியம்

நோய்விடுப்பு ஊதியத்தைக் குறைத்தால் விடுப்பு குறைகிறது என்பது மறுக்கப்படுவதில்லை. ஜெர்மனி 1996 இல் அதனை முழு ஊதியத்திலிருந்து 80 விழுக்காடாகக் குறைத்தபோது விடுப்பும் குறைந்தது. 1999 இல் முழு ஊதியம் மீண்டது. குறைந்த விடுப்பில் எவ்வளவு ஏமாற்று, எவ்வளவு நோய் என்பதே வினா. சுவீடனில் நோய்விடுப்பின் முதல் நாளுக்கு ஊதியமில்லை என்ற விதி 1993 இல் வந்தது. 2019 முதல் அதற்கு ஈடான ஒரு தொகை கழிக்கப்பட்டது. ஆனால் 2020 மார்ச்சில் கோவிட்-19 பரவத் தொடங்கியதும், அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பதற்காக, இக்கழிவை அரசே ஈடுசெய்தது.

இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் பணியாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அமைந்து, 1952 இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இஎஸ்ஐ திட்டம், நோயுற்றவருக்கு ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை வழங்குவதாக அமைந்தது. பொதுவாக நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு இப்பயன் இல்லை. திட்டத்துக்கு வெளியே உள்ள முறைசாராத் தொழிலாளர்க்கு வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாளே. கட்டட வேலை செய்பவரைப் பொறுத்தவரை "பணிக்கு வராமை" என்ற கருத்துருவுக்கே பெரிதும் பொருளில்லை எனலாம்.

இந்திய ஆலைகளும் வெப்பமும்

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உணவகம், குழந்தைகள் காப்பகம், ஓய்வறை, ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஆலைகளில் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் இதன் இடத்தைப் பெற்றது. கடைகளைப் பொறுத்தவரை, நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் விற்பனையாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்ற திருத்தத்தைக் கேரளம் 2018 இலும் தமிழ்நாடு 2021 இலும் நிறைவேற்றின.

சட்டங்கள் நேரடியாகத் தொடாத ஒரு காரணி வெப்பமாகும். இ. சோமநாதனும் உடனாய்வாளர்களும் இந்தியாவின் நெசவு, ஆடை, உருக்கு ஆலைகளின் நாள்வாரிக் கணக்குகளை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பமான நாட்களில் உற்பத்தித்திறன் குறைவதையும் வராமை கூடுவதையும் காட்டியது. குளிரூட்டப்பட்ட ஆலைகளில் உற்பத்தித்திறன் இழப்பு பெரும்பாலும் தடுக்கப்பட்டது. ஆனால் வராமை அங்கும் கூடவே செய்தது. ஷிப்டு முடிந்து தொழிலாளி திரும்பிச் செல்லும் வீட்டுக்குக் குளிரூட்டி இல்லை. உறங்காத இரவுக்குப் பின் மறுநாள் அவர் வருவதில்லை.